கால் பள்ளத்தாக்கு மாதிரி நிலப்பரப்பு: இன்னும் ரூ. 36,500 தேவை

அன்புடையீர்,

ஜெர்மனியில் ஆகன் நகருக்குத் தென்கிழக்கே உள்ள ஹூர்ட்கன் காட்டில், இரண்டாம் உலகப் போரின்போது 1944 செப்டம்பரிலிருந்து 1945 பிப்ரவரி வரை அமெரிக்கருக்கும் ஜெர்மானியருக்கும் நடந்த போரில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் சுமார் 33,000 பேர் மாண்டோ, காயம்பட்டோ, நோயில் விழுந்தோ களத்தை விட்டுப் போனார்கள். பிரான்சின் நார்மண்டிக் கரையில் நடந்த போரைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைக்கிறது. இதைப் பற்றி அதிகம் இல்லை. எழுதினாலும் புரிய வைப்பது கடினம், சரிவைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால்தான் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டுபோகக் கூடியதாக, அந்தக் காட்டில் கால் (Kall) என்னும் ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம்.

அளவு 1:2500. ஒரு 8 × 4 அடி பிளைவுட்டில் கெர்மெட்டர் என்னும் ஊரிலிருந்து ஷ்மிட் என்னும் ஊர் வரை அடங்கிவிடும். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு அடுக்கு, 5 மி.மீ. ஃபோம் போர்டு, உயரம் கால்பங்கு கூடித் தெரியும், அது வேண்டுமென்றே. ஒட்டுவதற்கு ஃபெவிகால் மட்டும்தான். ரப்பர் சொல்யூஷனும் ஸ்பிரே பெயிண்டும் ஃபோமை அரித்துவிடும். மேலே ஈரப்பட்டி பூசும்போது பலகை வளையும் என்பதால் இரண்டு பக்கமும் பிரைமர் அடித்து, அடியில் நான்கு குறுக்குச் சட்டம் கொடுக்கிறோம்.

மரங்களுக்குச் சாயமேற்றிய தேங்காய் நார், சுமார் 15,000 கொத்து. இதில் ஒரு பகுதியைத் தலை வெட்டி நடுகிறோம். பீரங்கிக் குண்டுகள் மர உச்சியிலேயே வெடித்து, இரும்புச் சில்லும் மரச்சிம்பும் மேலிருந்து கொட்டின. தரையில் குப்புறப் படு என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. இங்கே அப்படிப் படுத்தவன் முதுகு முழுவதையும் சில்லுக்குக் காட்டினான். அடிமரத்தை ஒட்டி நின்றவனுக்கும், பதுங்குகுழிக்கு மேல் கட்டை அடுக்கியவனுக்கும்தான் பிழைக்க வழி இருந்தது.

நன்கொடையில் பெரும்பங்கு 1:72 அளவில் தனியே செய்யும், கால் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுகிய பாதைக்குப் போகும். அமெரிக்கர்களின் ஷெர்மன் டாங்கியின் அகலம் சுமார் 2.6 மீட்டர், பாதையும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் செங்குத்துச் சரிவு. 1944 நவம்பர் 4 அன்று இந்தப் பாதையில் முன்னால் போன அமெரிக்க டாங்கி கண்ணிவெடியில் சிக்கிச் சங்கிலிப்பட்டை அறுந்து நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு 3 டாங்கிகள் மட்டும் ஆற்றுக்கு அப்பால் உள்ள கொமெர்ஷைட் ஊரைச் சேர்ந்தன; பிறகு வந்தவை சேற்றிலும் வளைவிலும் பட்டை கழன்று வழியை அடைத்தன. ஷ்மிட்டைப் பிடித்திருந்த அமெரிக்கர்களுக்கு வந்து சேர்ந்தது 60 டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடி. புதைக்காமல் தார்ச்சாலை மேலேயே வைத்தார்கள். ஜெர்மன் டாங்கிகள் அவற்றைக் கண்டு விலகி வந்தன, ஊர் மீண்டும் ஜெர்மானியர் கைக்குப் போனது. ஷ்மிட்டைப் பிடிக்க நடத்திய இந்தத் தாக்குதலில் அமெரிக்க 28ஆம் டிவிஷனின் இழப்பு 6,184 பேர்.

பாதை முடியும் இடத்தில் கால் ஆற்றுப் பாலம் இருக்கும். ஜெர்மன் மருத்துவர் குந்தர் ஷ்டுட்கன் நவம்பர் 7 முதல் 12 வரை சண்டை நிறுத்தம் பேசி, இருதரப்புக் காயக்காரர்களுக்கும் சிகிச்சை தந்த இடம் அது. அதைச் சிறியதாகச் செய்து ஒப்பேற்ற எங்களுக்கு மனமில்லை.

மொத்தச் செலவு ரூ. 64,000, வந்திருப்பது ரூ. 27,500. மிச்சத்தில் ரூ. 22,000 அக்ரிலிக் மூடிக்கு. அது இல்லாமல் வண்டியில் ஏற்றினால் நார் மரங்கள் முதல் பயணத்திலேயே உதிர்ந்துவிடும். ரூ. 700 தந்தால் ஒரு முழு ஃபோம் போர்டு வாங்கலாம். பணமாகத் தர இயலாதவர்கள் வீட்டிலிருந்தே நார் கொத்து கட்டித் தரலாம்: உயரம் ஒரு செ.மீ., அடியில் மெல்லிய கம்பி, நூறு நூறாகப் பெட்டியில் அடுக்கி. தொகையைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். கணக்கு மாதந்தோறும் நன்கொடையாளர் அனைவருக்கும் வரும்.

அன்புடன்,
மாதிரி அமைப்புக் குழுவினர்