வளைவைத் துடைப்பது எந்தப் பை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்திலிருந்து மின்தூக்கிக்குப் போகும் வழியில் சென்ற ஆண்டு ஒரு வளைவு எழுந்தது. இரும்புச் சட்டம், பச்சைத் தகடு, உச்சியில் எங்கள் குடியிருப்புப் பேட்டையின் பெயர், பொழுது சாய்ந்தால் நிறம் மாறும் விளக்கு. திறப்பு விழாவில் சிங்க நடனமும் இருந்தது, உறுமி மேளமும் இருந்தது. பீஹூன் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது, நன்றாகவே இருந்தது. அதே மாதத்தில்தான் எங்கள் தாழ்வாரத்தைக் கழுவுவது மாதம் ஒருமுறை என்பதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஆனது. அதற்கு விழா எடுக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் தேதி மட்டும் தள்ளிப்போயிருந்தது.

எங்கள் புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு மன்றத்தைக் குறிவைத்துப் பேசினால் கட்சிப் பேச்சாகிவிடும். நான் சொல்ல வந்தது எந்தக் கட்சி நடத்தும் மன்றத்துக்கும் பொருந்தும்.

முப்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வரவு செலவுத் தாளைக் கண்டால் பேனாவைத் தேடும் கை. சிங்கப்பூர் நகர மன்றங்களின் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்துக்குப் போகிறது, பொதுமக்களும் பார்க்கலாம். பார்ப்பவர்கள்தான் குறைவு. படித்தபின் எனக்கு மன்றத்தின் மீது கோபம் கொஞ்சம் குறையத்தான் செய்தது. நாம் மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திலும் அரசாங்க மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காட்டை நீண்டகாலப் பராமரிப்பு நிதிக்கு எடுத்து வைக்க வேண்டும். 2017லிருந்து மின்தூக்கிகளை மாற்றுவதற்கென்றே தனி நிதி, அதற்குக் குறைந்தது 14 விழுக்காடு. ஆக, நூறு வெள்ளி வந்தால் நாற்பது வெள்ளி பூட்டிய பெட்டிக்குள் போய்விடுகிறது. மிச்சம் அறுபதில்தான் பெருக்குவது, கழுவுவது, குப்பை அள்ளுவது, எலி பிடிப்பது, மின்சாரக் கட்டணம், மின்தூக்கிப் பழுதுபார்ப்பு எல்லாம்.

இதில் எனக்கு வருத்தமில்லை. 2015, 2016 வாக்கில் மின்தூக்கிக் கோளாறுகள் அடுத்தடுத்து செய்தியில் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், பத்தாண்டுகளுக்கு 450 மில்லியன் வெள்ளியில் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. பன்னிரண்டாவது மாடியில் முழங்கால் வலியோடு வாழும் எனக்கு மின்தூக்கிக்கு ஒதுக்கும் காசு கண்ணில் ஒற்றிக்கொள்ளும் காசு. துப்புரவாளர்களின் சம்பளம் படிப்படியாக உயர்வதும் நியாயம். சொல்லப்போனால் ரொம்பத் தாமதமாக வந்த நியாயம்.

சரி, அப்படியென்றால் வளைவு எங்கிருந்து வந்தது? இதைக் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போனேன். தொண்டூழியர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது, அதற்கு நன்றி. பதிலின் சாரம் இது: வளைவு சமூக மேம்பாட்டுத் திட்டங்களுக்கென அரசாங்கம் தரும் நிதியில் கட்டப்பட்டது, புளோக்குக்குச் சாயம் பூசுவது நீண்டகால நிதி, தாழ்வாரம் கழுவுவது அன்றாடச் செலவு. அது வேறு பை, இது வேறு பை. ஒரு பையின் காசை இன்னொரு பைக்கு மாற்ற முடியாது.

கணக்கர் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்கிறேன். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. வளைவைக் கட்டியது வேறு பை, ஒத்துக்கொள்கிறேன். கட்டி முடித்த நாளிலிருந்து அதன் விளக்குக்கு மின்சாரம் கொடுப்பது எந்தப் பை? தகட்டில் படியும் மைனா எச்சத்தை ஏணி வைத்துத் துடைப்பது எந்தப் பை? விளக்கு எரியாமல் போனால் மாற்றுவது? மூன்றுமே அந்த அறுபது வெள்ளிப் பைதான். இலவசமாக வந்த யானைக்கும் தீனி நாம்தான் போட வேண்டும். பேட்டையில் புதிதாக ஒவ்வொன்று முளைக்கும்போதும், பெருக்கிக் கழுவுகிற பையில் சத்தமில்லாமல் ஒரு துளை விழுகிறது.

எங்கள் புளோக்கைப் பெருக்குபவர் புதுக்கோட்டைக்காரர். காலையில் நான் பத்திரிகை வாங்கப் போகும்போது நாலு வார்த்தை பேசுவோம். "ஐயா, முன்னாடி நாலு புளோக்குக்கு ரெண்டு பேரு இருந்தோம். இப்ப ஆறு புளோக்கு, அதே ரெண்டு பேரு. இந்த வளைவு வேற" என்றார். புகாராகக் கூடச் சொல்லவில்லை, வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அப்புறம் அந்தக் கல்மேசை. 2020 ஏப்ரலில் நோய்ப் பரவலுக்காக நாட்டையே முடக்கியபோது கீழ்த்தளத்து மேசைக்கும் கல் முக்காலிகளுக்கும் சிவப்பு வெள்ளை நாடா சுற்றினார்கள். அவசியம்தான். பிறகு கட்டுப்பாடு தளர்ந்தது, நாடா அவிழ்ந்தது, கொஞ்ச நாளில் மேசையையே காணோம். விசாரித்தால், இரவில் யாரோ உட்கார்ந்து பியர் குடித்துச் சத்தம் போடுவதாகப் புகார் வந்ததாம். குடித்தவர்கள் இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். அந்த மேசையில் பகலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டிமார்களுக்கும், மாலையில் சீனச் சதுரங்கம் ஆடிய தாத்தாக்களுக்கும்தான் இடம் போனது. ஒரு பாட்டி வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து தூணோடு சங்கிலி போட்டுக் கட்டிவைத்தார். மறுவாரமே அதில் தாள் ஒட்டியாயிற்று, ஏழு நாளில் அகற்றப்படும் என்று. நான்கு மொழியிலும் இருந்தது. தமிழில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

என் தங்கை மகள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இருக்கிறாள். அந்த நகர மன்றம் 2023 செப்டம்பரில், வரவுக்கும் செலவுக்கும் கட்டுப்படியாகவில்லை என்று சட்டப்படியே அறிவித்துவிட்டது. அடுத்த ஆண்டு வரி ஏறத்தாழ 10 விழுக்காடு ஏறியது. 2025இல் குப்பை அள்ளுபவர்கள் வேலை நிறுத்தம் செய்து, தெருவெல்லாம் பை பையாகக் குப்பை. அவள் அனுப்பிய படங்களைப் பார்த்தால் நாம் குடியிருப்பது சொர்க்கம். இதைச் சொன்னால் நண்பர்கள், "அப்புறம் ஏன் கடிதம் எழுதுகிறாய்?" என்கிறார்கள். அங்கே பணம் இல்லாமல் வெட்டினார்கள். இங்கே பணம் இருக்கிறது, எதற்கு முதலிடம் என்று யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்வைப் பற்றித்தான் கேட்கிறேன். 2008 நிதி நெருக்கடியின்போது ஹாலந்து-புக்கிட் பாஞ்சாங் நகர மன்றம் 8 மில்லியன் வெள்ளியையும் பாசிர் ரிஸ்-பொங்கோல் நகர மன்றம் 4 மில்லியன் வெள்ளியையும் சிக்கலான முதலீட்டுப் பத்திரங்களில் போட்டிருந்தது தெரியவந்தபோதும் குடியிருப்பாளர்கள் கேட்டது இதைத்தான்: எங்களுக்கு ஏன் முன்பே தெரியவில்லை?

1986இல் அங் மோ கியோவில் சோதனை முயற்சியாக முதல் நகர மன்றங்களைத் தொடங்கியபோது நான் பெற்றோருடன் அங்கேதான் இருந்தேன். 1988இல் சட்டமாயிற்று. எல்லாப் பேட்டையையும் வீவக ஒரே அச்சில் பராமரிப்பதைவிட, நாடாளுமன்ற உறுப்பினரும் குடியிருப்பாளர்களும் சேர்ந்து தங்கள் இடத்துக்கு எது வேண்டும் என்று முடிவெடுக்கட்டும் என்றார்கள். அப்பாவுக்கு அந்த எண்ணம் ரொம்பப் பிடித்திருந்தது. இன்று எனக்கு வருவது வழவழப்பான தாளில் செய்தி மடல், வெட்டப்படும் நாடா, சிரித்த முகங்கள். 2010லிருந்து நகர மன்றங்களுக்கு மதிப்பெண் அட்டையும் உண்டு: பச்சை, மஞ்சள், சிவப்பு. தூய்மைக்குப் பச்சை வாங்குவது நல்ல விஷயம். ஆனால் எந்த வேலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்தார்கள், அது எப்போது குறைந்தது என்பதை நான் அந்த அட்டையில் தேடிக் களைத்துவிட்டேன்.

2023 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் எங்கள் கட்டணம் இரண்டு தவணையாக ஏறியது. தள்ளுபடி கிடைப்பதால் சுமை தெரியவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் கட்டணம் ஏறும்போது முன்கூட்டியே கடிதம் வருகிறது, காரணமும் சொல்கிறார்கள். வேலை குறையும்போதும் அப்படி ஒரு கடிதம் வர வேண்டாமா? புதிதாக எதையாவது கட்டுவதற்கு முன், கட்டும் செலவோடு, பத்தாண்டுக்கு அதைப் பராமரிக்க ஆகும் செலவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் என்ன? ஒரு தாள்தான். அதைப் படித்தபிறகும் எங்களில் பெரும்பாலானோர் வளைவுதான் வேண்டும் என்றால், நானும் கைதட்டிவிட்டு பீஹூன் சாப்பிடுவேன்.

எங்கள் மன்றத்தார் இந்தக் கடிதத்தைப் பார்த்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். மின்தூக்கி அருகே அடுத்த கழுவும் தேதியை ஒட்டும்போது, அதன் கீழே இரண்டு வரி கூடுதலாகச் சேர்க்கட்டும்: முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, இப்போது ஏன் இல்லை. கல்மேசை திரும்பி வருமா என்பதையும் சொன்னால் நல்லது. பாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
சிங்கப்பூர்