கிணற்றுக் கரியமில வாயுவும் கணக்கில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இயற்கை எரிவாயு 'தூய எரிபொருள்' என்கிறார்கள். எரியும்போது நிலக்கரியைவிட மேல்தான். ஆனால் கிணற்றிலிருந்து வாயுவோடு கரியமில வாயுவும் கலந்தே வருகிறது. சுத்திகரிப்பு ஆலை அதைப் பிரித்துப் பெரும்பாலும் வானத்தில் விட்டுவிடும். நம் அடுப்புக்கு வருவது அதன் பிறகுதான்!

இந்த அளவு எரிவாயு வயலுக்கு வயல் மாறும். எல்லா ஆலைக்கும் ஒரே சராசரி உமிழ்வு வரம்பு வைத்தால், கரியமில வாயு மிகுந்த வயலைத் தோண்டுபவருக்கு அது சலுகையாகிவிடும். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையில் உமிழ்வு வரம்பு விதிகளில் வந்த திருத்தம் இதைச் சரியாகப் பிடித்தது. திரவ இயற்கை எரிவாயு ஆலைகளுக்கு வாயு தரும் புதிய வயல்களின் கிணற்றுக் கரியமில வாயுவுக்கு வரம்பு பூஜ்யம். பழைய ஆலைகளின் வரம்பும் பொதுவாக 2030 வரை ஆண்டுக்கு 4.9 சதவீதம் குறைகிறது.

ஓட்டை வேறிடத்தில். வரம்பைத் தாண்டினால் கார்பன் கிரெடிட் (வேறிடத்தில் குறைத்த உமிழ்வுக்கான சான்று) வாங்கிச் சரிக்கட்டலாம்; அது வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டினாலும் காரணம் எழுதிக் கொடுத்தால் போதும். நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் பிரித்த கரியமில வாயுவை 1996 முதலே கடலடிப் பாறையில் செலுத்துகிறார்கள். அங்கே கார்பன் வரி 1991-லேயே வந்துவிட்டது. விளக்கக் கடிதத்துக்குப் பதில் இங்கே ஆஸ்திரேலியாவில் கிரெடிட்டுக்குக் கண்டிப்பான உச்சவரம்பு தேவை.

– வாசகர், பெர்த்