மாடியில் டிராகன்

திருநகர், மதுரை
ஞாயிறு

அன்புள்ள செல்வி,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். அவர் வழக்கம்போல வெயிலைத் திட்டிக்கொண்டு ஃபேனுக்கு அடியில் இருக்கிறார். உன் பெண்ணுக்கு வரன் அமைந்த விஷயம் எனக்கு ஜெயா சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

எங்கள் மாடியில் சனிக்கிழமைதோறும் டிராகன் வருகிறது.

சிரிக்காதே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. 1974-லேயே அமெரிக்காவில் வந்துவிட்டதாம், நம்மைவிட மூத்தது. ஒருவன் கதை சொல்வான், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வீரன், மந்திரவாதி, திருடன். பூட்டை உடைப்பதா, பூதத்தை வெட்டுவதா, எதற்கும் பகடை உருட்ட வேண்டும். அந்தப் பகடைக்கு இருபது முகம். 20 விழுந்தால் மாடியே அதிரும், 1 விழுந்தால் எழவு வீடு. என் மகனும் அவன் கூட்டாளிகளும் ராத்திரி ஒரு மணி வரை இதே வேலை. தின்பது என்னவென்று பார்த்தால் பாக்கெட் சிப்ஸ். என் வீட்டு மாடியில் பாக்கெட் சிப்ஸ்! நான் விடுவேனா?

இந்த விளையாட்டுக்கென்றே வெளிநாட்டில் பலகாரம் செய்து படம் போடுகிறார்கள். மகன் காட்டினான். எல்லாம் சாயம்தான். கேக்கில் பச்சையை ஊற்றி அரக்கன் ரத்தம் என்கிறார்கள். பார்க்க அப்படி இருந்தால் போதுமா, செல்வி? கதையில் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறதோ, அதைத் தட்டிலும் செய்ய வேண்டாமா? நான் பிடித்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். கதை சொல்கிற பையனை அடுப்படியில் உட்கார வைத்து, எந்தப் பூதம் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். பாவம், அவனை அவன் அம்மாகூட இவ்வளவு கேள்வி கேட்டிருக்க மாட்டாள்.

தீ உருண்டை என்று ஒரு மந்திரம். அதை எறிந்தால் ஆறு முகப் பகடை எட்டை உருட்டிக் காயத்தைக் கணக்குப் போடுவார்கள். நான் ஒரு கிண்ணத்துக்கு எட்டு காரச்சீடை வைத்தேன். மிளகைக் கொரகொரப்பாக உடைத்துத் தாராளமாகப் போட்டேன். வாயில் போட்டதும் ஒன்றும் தெரியாது, கடித்து விழுங்கிய பிறகுதான் மந்திரம் பலிக்கும். வாணலியில் வெடிக்க விட்டுவிட்டேனோ என்று பதறாதே. மாவை இரண்டு தரம் சலித்து, அழுத்தி வழவழப்பாக உருட்டாமல், துணியில் உலர்த்தி, ஊசியால் குத்தித்தான் போட்டேன். உள்ளே ஈரம் மாட்டினால் ஆவிக்கு வெளியே வர வழியிருக்காது, அதனால்தான் வெடிக்கிறது என்று உனக்கா சொல்ல வேண்டும்? ஹாஸ்டல் சுவர் இன்னும் சாட்சி சொல்லும்.

அப்புறம் ஒரு பூதம், கண்ணாடி மாதிரி சதுரக் கட்டி. குகைப் பாதையை அடைத்துக்கொண்டு நகர்ந்து வரும், எதிர்ப்பட்டதை எல்லாம் விழுங்கும். விழுங்கினவர்களின் எலும்பு உள்ளே மிதப்பது வெளியே தெரியும். இதைக் கேட்டதும் எனக்கு மைமூன் வீட்டு நோன்புக் கடற்பாசி ஜெல்லிதான் நினைவுக்கு வந்தது. அவளுக்கே போன் போட்டேன். பத்து கிராமுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், எலுமிச்சையை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு பிழி, புளிப்போடு கொதித்தால் இறுகாது என்றாள். எலும்புக்கு வெள்ளரி விதை. பெரிய எலும்புக்கு முந்திரி. கூட்டத்தில் ஒருவன் சுத்த சைவம், ஒருவன் ஹலால் பார்ப்பவன். பிராணிகளின் எலும்பிலும் தோலிலும் எடுக்கிற ஜெலட்டின் என்றால் இருவருமே தொட மாட்டார்கள். அதுவும் இந்த ஊர் வெயிலுக்கு ஜெலட்டின் மாடி ஏறுவதற்குள் தண்ணீராகிவிடும். கடற்பாசி ஒருதடவை இறுகிவிட்டால் 85 டிகிரி சூடு வந்தால்தான் உருகும். மதுரையே அவ்வளவு கொதிக்காது!

சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீலமாக வடித்து, கோலி சோடா பாட்டிலில் கொடுத்தேன். எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறியது. தாடி வைத்த பையன்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

சோமாஸ் கதையைக் கேள். புதையல் பெட்டி மாதிரியே கிடந்து, தொட்டவனைக் கடிக்கிற ஒரு ஜந்து உண்டாம். சோமாஸ் ஓரத்து மடிப்பைப் பார்த்தால் பல்வரிசையேதான். எல்லாவற்றிலும் பொட்டுக்கடலை, சர்க்கரை, தேங்காய்ப் பூரணம். ஒன்றே ஒன்றில் மட்டும் இட்லி மிளகாய்ப் பொடி. யாருக்கு அகப்பட்டது தெரியுமா? விளையாடவே வராத மனுஷனுக்கு. சுகர் இருக்கிறது, இனிப்பு வேண்டாம் என்று நான் கத்தக் கத்த, படியிலேயே தட்டை மறித்து எடுத்தார். ராத்திரி முழுக்க என்னோடு பேசவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு குறையும் உண்டு. எண்ணெய்க் கை பட்டுக் காகிதமெல்லாம் கண்ணாடியாகிவிடுகிறது. வேஷத்தின் பலம், ஆயுசு எல்லாம் அந்தக் காகிதத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால் முறுக்குக்கும் தட்டைக்கும் மாடியில் தடை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கூட்டம் கலையப் போகிறது. ஜூலையில் இருவர் பெங்களூரு போகிறார்கள், ஒருவன் சென்னை. என் மகனும் எங்கெங்கோ எழுதிப் போட்டிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. இங்கே படித்த பிள்ளைகளுக்கு இங்கே வேலை இல்லை, வேறென்ன சொல்ல? கடைசி ஆட்டத்தில் பெரிய பயணம் கிளம்புகிறார்களாம். அந்த விளையாட்டில் வழிச்சாப்பாட்டுக்கும் கணக்கு உண்டு. அதற்கு உன் அம்மா பிடிக்கும் பொருள்விளங்கா உருண்டைதான் சரி. கெடாது, நசுங்காது, ஒன்று தின்றால் மதியம் வரை பசிக்காது. விளையாட்டு முடிந்தபின் நிஜப் பைக்குள்ளும் போகும்.

நான் செய்தால் பாகு பதம் தப்பி, ஒன்று உதிர்கிறது, இல்லை சம்மட்டி கேட்கிறது. என்னென்ன வறுக்க வேண்டும், எது எவ்வளவு, பாகைத் தண்ணீரில் விட்டால் எப்படி நிற்க வேண்டும், சுக்கு எப்போது போட வேண்டும், எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டு எழுது. போனில் பேசும்போது போன தடவை என்னை ஜெயா என்றார்கள். நான் திருத்தவில்லை. நீயும் ஏதோ மறைக்கிறாய் என்று தெரிகிறது. டாக்டர் என்ன சொன்னார் என்பதை உனக்குத் தோன்றும்போது சொல். உருண்டைக் கணக்கை மட்டும் தள்ளிப்போடாதே. காலை வேளையில் தெளிவாக இருக்கிறார்கள் என்றாயே, அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள். படி, ஆழாக்கு என்று சொன்னால் அப்படியே எழுது, நீ கிராமாக மாற்றிக் குழப்பாதே.

முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. கீழறையிலேயே தங்கலாம், மாடி ஏற வேண்டியதில்லை. நீ ஏறலாம், உனக்குத் திருடன் வேஷம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன், பழகிய வேலைதானே.

பதில் எழுது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டித் தப்பிக்காதே.

அன்புடன்,
மீனா

பி.கு: கவரில் சங்குப்பூ விதை வைத்திருக்கிறேன். ராத்திரி ஊற வைத்து ஊன்று. வெள்ளைப் பூவாகப் பூத்தால் என்னைத் திட்டாதே, பக்கத்து வீட்டுக் கொடியும் வேலியில் சேர்ந்துதான் கிடக்கிறது.