ஜீப்புக்கு பவர் ஸ்டியரிங் போடும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜீப்புக்கு பவர் ஸ்டியரிங் போடலாமா என்று கேட்டிருந்தாய். பழைய வண்டியின் லட்சணம் கெட்டுவிடும் என்று திட்டுவேனோ என்ற பயமும் அந்தக் கேள்வியில் தெரிந்தது. திட்டமாட்டேன். நீ காட்டிலும் மேட்டிலும் ஓட்டப்போகிற வண்டி அது, கண்காட்சியில் நிறுத்திவைப்பதற்கு அல்ல. அந்த அகல டயர்களை வைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பது லேசான வேலை இல்லை. உன் தோள்பட்டையைப் பற்றி அம்மா வேறு தினமும் புலம்புகிறாள். ஆகவே தாராளமாகப் போடு. ஆனால் மற்றதையெல்லாம் சரிசெய்துவிட்டு, கடைசியாகப் போடு. ஏன் என்று எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

உன்னுடையது 1972-க்கு முந்தைய சிஜே-5 மாடல் ஜீப். அதில் இருப்பது ராஸ் பாக்ஸ், அதாவது வீலின் சுற்றைச் சக்கரத்துக்கான தள்ளலாக மாற்றும் ஸ்டியரிங் பெட்டி. மரை போல வெட்டிய ஒரு தண்டு, அந்தப் பள்ளத்தில் ஓடும் முளைகள் கொண்ட ஒரு நெம்புகோல், அவ்வளவுதான் உள்ளே. அங்கிருந்து டிராக் லிங்க் என்ற கம்பி கிளம்பி, முன் குறுக்குச் சட்டத்தில் தள்ளலின் திசையை மாற்றித் தரும் பெல்கிராங்குக்குப் போகிறது. பெல்கிராங்கிலிருந்து ஆளுக்கொரு டை ராடு, அதாவது இணைப்புக் கம்பி, இரண்டு சக்கரங்களுக்கும். நடுவில் எத்தனை மூட்டுகள் என்று நீயே படுத்துக்கொண்டு எண்ணிப் பார். ஒவ்வொன்றிலும் நூலளவு ஆட்டம் இருந்தாலே போதும், எல்லாம் சேர்ந்து ஸ்டியரிங் வீலில் கையளவு ஆட்டமாக வந்து நிற்கும்.

நீ சொல்கிற கனத்தில் பெரும்பங்கு பாக்ஸால் வருவதாக நான் நினைக்கவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டை ராடுகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்பிப் பார். கொஞ்சம் இறுக்கத்தோடு, ஆனால் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். நேராக இருக்கும் இடத்தில் மட்டும் 'டக்'கென்று உட்கார்ந்தால் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங்கில் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது, குழியும் அங்கேதான் விழும். திருப்பவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. இவற்றை மாற்றி, டை ராடு முனைகளைப் புதுப்பித்து, டோ அளவை (இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு இணையாக நிற்கின்றன என்பதை) சரிபார்த்து, டயரில் சரியான காற்று அடித்துவிட்டு ஒரு வாரம் ஓட்டு. "இதே போதும்ப்பா" என்று நீ சொன்னாலும் ஆச்சரியப்படமாட்டேன்.

சொல்லமாட்டாய், தெரியும். இருந்தாலும் இந்த வரிசை முக்கியம். பவர் ஸ்டியரிங் பம்பு கொடுக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கு (பிஎஸ்ஐ) மேலே போகும். காய்ந்த கிங்பின்னையும் தேய்ந்த மூட்டுகளையும் அது இழுத்துத் திருப்பிவிடும், உன் கைக்கு ஒன்றுமே தெரியாது. இன்றைக்கு அந்த வண்டியில் எது கெட்டாலும் முதலில் உன் மணிக்கட்டுக்குத்தான் சேதி வருகிறது. பவர் போட்டபிறகு அந்தச் சேதி நின்றுவிடும். வளைந்த டை ராடைப் பார்த்துத்தான் விஷயம் தெரியவரும்.

இது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். பிரான்சிஸ் டேவிஸ் என்ற எஞ்சினியர் 1926-ல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த காரில் ஏறுவதற்கு 1951 ஆயிற்று, கிரைஸ்லர் இம்பீரியலில். அவர் செய்த புத்திசாலித்தனம் இதுதான்: ஆயிலை எப்போதும் அழுத்திப் பிடித்து வைக்காமல் சும்மா சுற்றி ஓடவிட்டார். வீலைத் திருப்பினால் மட்டும் வால்வு அந்த ஓட்டத்தை மறிக்கும், அப்போதுதான் அழுத்தம் ஏறும். நீ வாங்கப்போகும் சாகினா பவர் ஸ்டியரிங் பாக்ஸிலும் அதே கதைதான். ஸ்டியரிங் தண்டுக்கும் பாக்ஸின் மரைக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. நீ திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கில் வால்வு திறந்து பிஸ்டனின் ஒரு பக்கம் ஆயில் பாயும். எஞ்சின் நின்றுபோனாலும் உன் கைக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுந்துவிடாது. ஆனால் இப்போது இருப்பதைவிடக் கனமாக இருக்கும், ஏனென்றால் புது பாக்ஸ் குறைந்த சுற்றில் திருப்பும்படி செய்தது, உள்ளே இருக்கும் ஆயிலையும் நீதான் தள்ள வேண்டும். வண்டி தயாரானதும் காலி மைதானத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, மெதுவாக யாரையாவது தள்ளச் சொல்லி, ஒருமுறை ஒடித்துப் பார். இறக்கத்தில் எஞ்சின் ஆஃப் ஆகும் நாளில் அதை முதல்முறையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது.

இனி பாக்ஸை உட்காரவைக்கும் இடம். இந்த வேலையில் நான் பயப்படுவது இது ஒன்றுக்குத்தான்.

ஜீப்பின் சேஸிஸ் சட்டம் 'ப' வடிவத் தகடு. அதன் முன் நுனியில் புது பாக்ஸ் தொங்கப்போகிறது. முன்சக்கரம் இரண்டு பாறைக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும், நீ ஒடிப்பாய், சக்கரம் அசையாது. பிஸ்டன் தள்ளும் தள்ளல் எங்கே போகும்? சட்டத்துக்குத்தான். 'ப'வின் திறந்த வாயை அப்படியே விட்டுவிட்டு நாலு போல்ட் போட்டு முறுக்கினால், முறுக்கும்போதே தகடு உள்வாங்கும். கொஞ்ச நாளில் போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். அதனால் முதலில் அந்தப் பகுதியைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கச் சொல். போல்ட் போகும் துளைகளில் கனமான குழாய்த் துண்டுகளை நுழைத்து இரண்டு பக்கமும் வெல்டிங் செய்ய வேண்டும், போல்ட்டின் இறுக்கம் அந்தக் குழாயில்தான் உட்கார வேண்டும், தகட்டில் அல்ல. போல்ட் 10.9 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையக் கூடாது. தலையில் எண் பொறிக்காத போல்ட்டை இந்த இடத்துக்குக் கொண்டுவரவே கூடாது. சோதிப்பது சுலபம்: எஞ்சின் ஓடட்டும், ஒருவர் வீலை இப்படியும் அப்படியும் ஆட்டட்டும், நீ வெளியே குனிந்து பாக்ஸையும் சட்டத்தையும் பார். பாக்ஸ் துளி அசைந்தாலும் பிரேக்கெட் போதவில்லை.

புது பாக்ஸிலிருந்து சக்கரத்துப் பக்கம் போகும் டிராக் லிங்க் படுத்திருக்கும் கோணமும் முக்கியம். அது ஆக்ஸிலுக்கு எவ்வளவு இணையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உன் ஸ்பிரிங் பட்டைகள் உயர்த்தியவை. பாக்ஸ் மேலே, ஆக்ஸில் கீழே என்று லிங்க் ரொம்பச் சாய்ந்துவிட்டால், பள்ளத்தில் பட்டை அமுங்கும்போதெல்லாம் நீ தொடாமலேயே சக்கரம் திரும்பும். வெல்டிங்குக்கு முன், பாக்ஸைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் சொந்த எடையில் நிற்கும்போது இந்தக் கோணத்தைப் பார். ஜாக்கியில் நிற்கும்போது பார்ப்பது ஏமாற்றும்.

லிங்க்கைக் கட்டும்போது பாக்ஸ் சரியான நடுவில் இருக்க வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பாதி திரும்பி வா, அந்த இடத்தில் சக்கரம் நேராக நிற்கும்படி லிங்க்கின் நீளத்தைச் சரிசெய். பாக்ஸுக்குள் பல்லும் பல்லும் இறுக்கமாகக் கவ்வுவது நடுவில் மட்டும்தான். நடு தவறினால் புது பாக்ஸிலும் ஆட்டம் இருக்கும், உடனே யாராவது மேலே இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குருவை முறுக்குவார்கள், அதோடு பாக்ஸ் தேய ஆரம்பிக்கும். அந்த ஸ்குருவைத் தொட யாரையும் விடாதே. நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகத்தில்) இருக்கும் ஸ்டாப் போல்ட்டுகளையும் பார்: பாக்ஸ் தன் கடைசி எல்லையை எட்டுவதற்கு முன் சக்கரம் அந்த ஸ்டாப்பில் முட்டி நிற்க வேண்டும்.

பழைய ஸ்டியரிங் தண்டு ராஸ் பாக்ஸோடு ஒரே துண்டு. அதை அறுத்து நடுவில் ஒரு குழாயை வைத்து ஒட்டவைத்துத் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. மோதினால் உள்வாங்கும் இரண்டு பகுதித் தண்டும் கோணமாக நின்றாலும் சுற்றைக் கடத்தும் நல்ல யுனிவர்சல் ஜாயின்ட்டும் வாங்கு. ஜாயின்ட்டின் கோணம் 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள். இரண்டு ஜாயின்ட் போட்டால் இரண்டின் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரு சுற்றுக்குள்ளேயே லேசாகவும் கனமாகவும் மாறி மாறி வரும்.

பம்புக்கு உன் நான்கு சிலிண்டர் எஞ்சினில் யாரும் இடம் ஒதுக்கி வைக்கவில்லை, பிரேக்கெட் செய்துதான் ஆகவேண்டும். புல்லிகள் ஒரே கோட்டில் இருக்கட்டும். பம்பு புல்லியைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது, அதற்கென்று திருகி ஏற்றும் கருவி இருக்கிறது. பிரஷர் பக்கத்து ஹோஸ் அதற்கென்றே முனை அழுத்திச் செய்தது. கிளிப் போட்ட ரப்பர் குழாய் ரிட்டர்ன் பக்கத்துக்கு மட்டும்தான். ஐடிலிங்கில் ஒடித்தால் எஞ்சின் வேகம் தணியும், கார்புரேட்டரில் ஐடில் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிவை.

எலெக்ட்ரிக் ஸ்டியரிங் போட்டால் ஹோஸும் இல்லை ஆயிலும் இல்லை என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். உண்மைதான், வேலையும் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த மோட்டார் முழுப் பலத்தோடு தள்ளும்போது பத்துக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். உன் ஜீப்பின் பழைய டைனமோவால் அது முடியாது, ஆல்டர்னேட்டரிலிருந்து ஒயரிங் வரை மாற்ற வேண்டும். ஓடை இறங்கி ஏறுகிற வண்டிக்கு என் ஓட்டு ஹைட்ராலிக்குக்குத்தான்.

இன்னொன்று காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம். கையால் ஒடிக்க லேசாக இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் காஸ்டரைக் குறைவாக, 3 டிகிரி அளவில் வைத்தார்கள். பவர் வந்தபிறகு அந்தக் கவலை இல்லை. பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து 5 டிகிரி பக்கம் கொண்டுபோனால், திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் வீல் தானே நேருக்கு வரும், வேகத்தில் அலைபாயாது. அதற்குமேல் ஆசைப்படாதே. ஆக்ஸில் சாயச் சாய டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கும், அதில் மாட்டியிருக்கும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின்) கிராஸ் மூட்டு திணறும்.

எல்லாம் பூட்டியதும் சாவியைப் போட்டுவிடாதே. முன்சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கி வை. பம்புக்காரர் சொன்ன ஆயிலை ஊற்று. பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது, சீல்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும். எஞ்சின் அணைந்தபடியே வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக, இருபது முறையாவது திருப்பு. பம்பின் ஆயில் டப்பாவில் குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே திருப்பு. பிறகு சில நொடி மட்டும் ஸ்டார்ட் செய்து அணை, ஆயில் அளவைப் பார். இந்தப் பொறுமை இல்லாமல் நேராக ஸ்டார்ட் செய்தால் பம்பு ஆயிலையும் காற்றையும் கடைந்து மோராக்கிவிடும், அது தெளிய ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

ஓட்ட ஆரம்பித்தபிறகு காதுதான் உனக்குத் துணை. 'ஙொய்' என்று முனகினால் ஆயில் குறைவு அல்லது காற்று. திருப்பும்போது மட்டும் கிறீச்சிட்டால் பெல்ட் வழுக்குகிறது. கடைசிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டு நிற்காதே. அப்போது ஆயில் போக வழியில்லாமல், அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகவே சுற்றிச் சுற்றிச் சூடேறும். பாறைகளில் இது அடிக்கடி நடக்கும் என்பதால் ரிட்டர்ன் லைனில் ஒரு சின்ன கூலரும் ஃபில்டரும் போட்டுவிடு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் முதல் ஆயிலை இறக்கிவிடு, புது ஹோஸ்களின் பிசிறும் பம்பின் இரும்புத் துகளும் அதில்தான் இருக்கும். அன்றைக்கே பாக்ஸ் போல்ட்டுகளையும் பிட்மேன் (பாக்ஸிலிருந்து லிங்க்கை அசைக்கும் கை) நட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சு வைத்துப் பார். ஆழத் தண்ணீரில் இறங்கி வந்தால் டப்பாவைத் திறந்து பார், ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் மொத்தமும் மாற்ற வேண்டும். பிட்மேன் பக்கத்து சீல் கசிந்தால் மாற்று. மாற்றிய சீலும் சீக்கிரமே கசிந்தால் சீலில் குற்றமில்லை, உள்ளே புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது.

கட்டைவிரலை வீலுக்கு வெளியே வைத்து ஓட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. பவர் இருந்தால் வீல் திருப்பி அடிப்பது குறையும், இல்லாமல் போகாது.

பிரேக்கெட் வெல்டிங் முடிந்ததும், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்னபிறகு பெயின்ட் அடிக்கலாம்.

அன்புடன்,
அப்பா