ஞாயிறு பட்டறை: செயலாளர் ஆண்டறிக்கை (ஏப்ரல் 2024 – மார்ச் 2025)

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அறிவியலைக் கையால் செய்து பார்க்கும், நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு பட்டறைப் பிரிவின் இரண்டாம் ஆண்டறிக்கையை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டு 17 குடும்பங்கள் சேர்ந்தன. மாதம் இரண்டு ஞாயிறு கூடுவதென்று தீர்மானம் போட்டிருந்தோம். பரீட்சை, முகூர்த்த நாள், மழை எல்லாம் போக 15 முறைதான் கூட முடிந்தது. "ட்யூஷன் இருக்கிற நாளில் இதெல்லாம் எதுக்கு சார்?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டவர், இப்போது மகளுக்கு முன்னால் மொட்டைமாடிக்கு வந்து பாய் விரிக்கிறார் என்பதையும் குறிப்பில் ஏற்றிவிடுகிறேன்.

கோடை விடுமுறையில் சின்னப் பிள்ளைகளை வைத்துத் தொடங்கினோம். தீக்குச்சியும், அவற்றின் முனைகளை இணைக்கச் சைக்கிள் வால்வின் மெல்லிய ரப்பர் டியூபும் போதும். கழிவுப் பொருளில் அறிவியல் பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தா நாடெங்கும் பரப்பிய விளையாட்டு இது. சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் அசையாமல் நிற்கிறது. மறுநாளே ஒரு பையன் மின்கோபுரத்தில் எத்தனை முக்கோணம் என்று எண்ணத் தொடங்கிவிட்டானாம்.

ஆகஸ்ட் 18 நம் சென்னைக்கு நிழலில்லா நாள். இங்கே ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்டில் இன்னொருமுறை சூரியன் உச்சிக்கு நேர் மேலே வரும். இந்த முறை ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்தது. தூக்குக் குண்டு பிடித்து பைப்புத் துண்டுகளை நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தோம். மணி சரியாகப் பன்னிரண்டு. நிழல் இன்னும் இருக்கிறது. "நாள் தப்பா சார்?" என்றார் ஒரு அப்பா. தப்பில்லை. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நாமோ அதற்கு மேற்கே 80.3-ல் இருக்கிறோம். அதனால் சூரியன் நமக்கு உச்சிக்கு வர ஒன்பது நிமிடம் தாமதம். ஆகஸ்ட் நடுவில் சூரியனே கடிகாரத்துக்கு நாலு நிமிடம் பின்தங்கி வருவதையும் சேர்த்தால் 12.13. பன்னிரண்டு ஐந்துக்கு மேகம் மூடி எங்கள் வயிற்றைக் கலக்கி, கடைசியில் ஒரு நிமிடம் விலகி வழிவிட்டது. பைப்பின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிப்போனதை எல்லோரும் பார்த்தோம்.

ஆண்டின் பெரிய வேலை பேட்டரி இல்லாத ரேடியோ. அதற்கே நான்கு ஞாயிறுகள் ஆயின. ஒன்றரை அங்குல பிவிசி பைப்பில் மோட்டார் வைண்டிங் கம்பி 90 சுற்று, நிலையத்தைத் தேர்ந்தெடுக்கப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் கழற்றிய கேங் கண்டென்சர், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு டயோடு, மின்துடிப்பை ஒலியாக்கிக் காதில் கேட்க பீசோ தகடு. அவ்வளவுதான். மின்சாரமே வேண்டாம். ஏரியல் பிடிக்கும் அலையின் சக்தியிலேயே பாடும். அதாவது, பாட வேண்டும். முதல் இரண்டு வாரம் மூச்சுக்கூட வரவில்லை.

குற்றம் என்னுடையது. ஜெர்மானியம் டயோடு கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று கடைக்காரர் தந்த சிலிக்கான் டயோடைப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். ஜெர்மானியம் 0.2, 0.3 வோல்ட்டிலேயே வழிவிடும். சிலிக்கானுக்கு 0.6 வேண்டும். காற்றில் வருகிற பிச்சைக்காசு மின்னழுத்தம் அதற்கு எந்த மூலைக்கு? டயோடு மாற்றியும் சத்தம் போதவில்லை. எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தோம். நம் குழாய் முழுக்கப் பிளாஸ்டிக், மின்சாரம் மண்ணுக்குப் போக வழியே இல்லை! மூன்றாம் மாடிப் பாட்டிதான் பின்பக்கம் சும்மா கிடக்கும் பழைய அடிபம்பைக் காட்டினார். அதில் கட்டியதும் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி வந்தது. பீசோ தகட்டைக் காதில் வைத்த பாட்டி, "இதுக்கு நாங்க போஸ்ட் ஆபீஸ்ல லைசென்ஸ் கட்டினோம், தெரியுமா?" என்றார். பிள்ளைகள் நம்பவில்லை.

அக்டோபரில் மழைமானி. பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். அடி மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதிவரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யக் கோடு. தினமும் காலை 8.30-க்கு அளவு, வானிலைத் துறையின் மழைக்கணக்கும் அந்த நேரத்துக்குத்தான். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். நம் மொட்டைமாடி 3,000 சதுர அடி. 10 மி.மீ. பெய்தாலே சுமார் 2,800 லிட்டர். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கழிந்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்கு நோட்டோடு என்னிடம் வந்து, "இவ்வளவு தண்ணியும் எங்க அங்கிள் போச்சு?" என்று கேட்டாள். மழைநீர்க் குழியைத் திறந்து பார்த்தோம். குழாய் வாயில் சருகும் ஒரு சிமெண்ட் சாக்கும். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நம்மிடம் குழி இருந்தது, சேகரிப்பு இல்லை. செயலாளர் என்ற முறையில் தலைகுனிந்து பதிவு செய்கிறேன். டிசம்பர் முதல் வாரத்திலேயே தூர்வாரியாயிற்று.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். பிள்ளை ஒரு நிமிடம் திணறினால் போதும், அப்பாக்கள் சால்டரிங் அயர்னைப் பிடுங்கிவிடுகிறார்கள். அப்புறம் அவர்களே செய்து முடித்து, போட்டோ மட்டும் பிள்ளையோடு. அம்மாக்களிடம் இந்தப் பழக்கம் குறைவு. வரும் ஆண்டு பிள்ளை கேட்டால் ஒழியப் பெரியவர்கள் கருவியைத் தொடக்கூடாது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. மற்ற விதிகள் பழையவையே: வீட்டு மின்சாரத்தில் எந்தச் சோதனையும் கிடையாது, ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சுண்டலைத் தொடக்கூடாது, இடி மின்னலுக்கு முன்பே ஏரியலைக் கழற்றிவிட வேண்டும்.

கணக்கு: முன்னிருப்பு ரூ.1,840. குடும்பத்துக்கு ரூ.500 வீதம் சந்தா ரூ.8,500. செலவு ரூ.9,115. கையிருப்பு ரூ.1,225. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. என் தப்பால் வாங்கிய டயோடுகளின் பணம் இதில் சேரவில்லை, அதை நானே ஏற்றுக்கொண்டேன்.

வரும் ஆண்டுக்கு ஊசித்துளைக் கேமராவும், மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் ஒலி எழுப்பும் கருவியும் திட்டத்தில் உள்ளன. தொட்டி வேலைக்கு 9 வோல்ட் பேட்டரிதான், பயப்பட வேண்டாம். கணக்கை அங்கீகரித்து, இந்த இரண்டுக்கும் ரூ.3,000 ஒதுக்கித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்