கடலைக் கணக்கு எழுதிய கை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

அதிபரின் மனைவி என்றாலே உடையும் விருந்தும்தான் செய்தியாகின்றன. அமெரிக்க அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டரின் மனைவி ரோசலின் கார்ட்டரைப் பற்றி நீங்கள் விரிவாக எழுத வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில், கணவரின் கடலை வியாபாரத்துக்குக் கணக்கு எழுதியவர் அவர். எங்கள் பக்கமும் கடலைக்காய் வியாபாரம் செய்யும் சில வீடுகளில் கணக்கு நோட்டு பெண்கள் கையில்தான். அதனாலோ என்னவோ, அவர் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

வெள்ளை மாளிகையில் அமைச்சரவைக் கூட்டங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். 1979இல் மனநலத்துக்காக செனட் குழு முன் சாட்சியம் அளித்தார். 1980இல் அதற்கான சட்டம் வந்தது. மறு ஆண்டே அடுத்த அரசு அதில் பெரும்பகுதியை நீக்கிவிட்டது. அவர் விடவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காக 1987இல் ஒரு நிறுவனமே தொடங்கினார்.

என் தம்பியை 11 வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். “காத்துக் கருப்பு அண்டியிருக்குது” என்று சொந்தக்காரர்கள் சொல்ல, மந்திரிக்கக் கூட்டிப்போனதிலேயே முதல் இரண்டு வருடம் போய்விட்டது. அப்புறம்தான் மருத்துவரிடம் போனோம். பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் துணை வேண்டும் என்று அந்த அம்மா பேசியதைப் படித்தபோது அழுதுவிட்டேன்.

மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருப்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. ஈரோடு பதிப்பில் தினமும் ஒரு சின்னக் கட்டத்தில் அதைப் போடுங்கள்.

ஒரு வாசகி,
சிவகிரி, ஈரோடு மாவட்டம்