ஒரு சதவீதக் கணக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் ஓராண்டில் 37 மடங்கு வளர்ந்துவிடலாம் என்று ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. 1.01-ஐ 365 தடவை பெருக்கினால் 37.78 வருவது சரிதான். கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். விடையில் குறை சொல்ல மாட்டேன். அதை மனிதருக்குப் போட்டதுதான் தப்பு.

ஓய்வுக்குப் பிறகு, விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகி வருகிறேன். காலையில் கணினியைத் திறந்ததும், மின்னஞ்சல் பார்க்கும் முன்பே, பத்து நிமிடம். தொடங்கியபோது நிமிடத்துக்கு 10 சொல். கட்டுரையின் கணக்குப்படி ஓராண்டில் நான் 378 சொல் அடிக்க வேண்டும். எந்த விரலால் ஆகும் அது? முதல் சில வாரங்கள் வேகம் கிடுகிடுவென ஏறியது. அப்புறம் மந்தமானது. இப்போது ஒரு சொல் கூடவே மாதக்கணக்காகிறது. பயிற்சியால் வரும் திறன்கள் பெரும்பாலும் இப்படித்தான் வளரும். வட்டிக்கு வட்டி போல ஏறாது. 37 மடங்கை நம்பி உட்காருகிறவர், வேகம் மந்தமாகும்போது 'நமக்கு இது வராது' என்று எழுந்து போய்விடுவார். என் கவலையே அதுதான்.

ஒரு பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து பரவிய எண் அது. மாறிய முகத்துக்குத் தம் நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாள் ஆவதாக அவர் கண்டார். அதற்கும் தினசரி உடற்பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் அச்சானது. மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்ற ஒரு சிறு செயலை ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்டு 84 நாள் செய்து பார்த்தார்கள். யோசிக்காமலே அதைச் செய்யும் நிலை வர, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண், 66 நாள். (சராசரி அல்ல, பழைய வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. அங்கேயும் வளர்ச்சி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும்தான் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை.

உங்கள் கட்டுரையோடு வந்த, நாளுக்கு ஒரு கட்டமாகக் குறிக்கும் அட்டவணையிலோ, ஒரு நாள் விட்டால் மறுபடி முதல் கட்டத்திலிருந்து தொடங்க வேண்டுமாம். காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனதற்காக என் பேத்தி அதைக் கிழித்தே போட்டுவிட்டாள். அடுத்த முறை அச்சிடும்போது அந்த விதியை எடுத்துவிடுங்கள். கட்டங்களையும் மூன்று மாதத்துக்கு நீட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்